எந்தத் தாது என்று கேள்

அன்பு மகனுக்கு,

நீ போனில் கேட்டது இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

சண்டிகரில் உன் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்கு இளைஞர்கள் வந்து "தாத் போகிறது", அதாவது விந்து வீணாக வெளியேறுகிறது என்கிறார்கள், உடம்பு அசதி, இடுப்பு வலி, தூக்கமில்லை என்கிறார்கள், பரிசோதித்தால் ஒன்றும் இல்லை என்றாய். அவர்கள் வெளியே போனதும் உடன் படிக்கிறவர்கள் சிரிப்பதையும் சொன்னாய். "சித்த மருத்துவத்தில் இதே தாதுதானேப்பா, நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டாய்.

இதே தாதுதான். உங்கள் துறையே அந்தப் பெயரை அப்படியே எடுத்துக்கொண்டது உனக்குத் தெரியும். 1960-இல் மனநல மருத்துவர் விக் அதற்கு "தாத் சிண்ட்ரோம்" என்று பெயர் வைத்தார். பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-10 நோய்ப் பட்டியலிலும் அது ஏறியது. நோயாளியின் வாயில் இருந்த சொல் அப்படியே நோயின் பெயராகிவிட்டது. ஆனால் நோயாளி ஒன்றை நினைத்துச் சொல்கிறான், பட்டியல் வேறொன்றைக் குறிக்கிறது. அவனுக்கு தாது என்றால் உடம்பை விட்டு வெளியேறும் உயிர்ச்சத்து. பட்டியலுக்கு அது வெளியேறுகிறதே என்ற பயம்.

எங்கள் சித்த மருத்துவ நூல்கள் சொல்வது இந்த இரண்டும் இல்லை. உடற்தாதுக்கள் ஏழு: சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என்கிற விந்து. பெண்ணுக்குச் சுரோணிதம். இதில் ஆறாவதாக வரும் மூளையைப் பார்த்து நீ குழம்பியிருப்பாய். அங்கே மூளை என்பது முதலில் எலும்புக்குள் நிரம்பியிருக்கிற மச்சை. பாளையங்கோட்டைக் கல்லூரியில் முதல் வருஷம் இதைப் படித்தபோது எங்களில் பாதிப் பேர் தலைக்குள் இருக்கும் மூளையைத்தான் நினைத்துக்கொண்டோம். சாப்பிட்ட சாப்பாடு சாரமாகி, சாரம் செந்நீராகி, செந்நீர் ஊனாகி, இப்படியே வரிசையாகப் போய் ஏழாவதில் முடிகிறது. உடம்பைத் தாங்குவதால் தாது. வடமொழியில் அந்தச் சொல்லின் வேரே வைத்தல், தாங்குதல் என்ற பொருள் உடையது.

இலக்கணக்காரர்களும் அதே சொல்லை எடுத்தார்கள். பாணினி மரபில் தாதுபாடம் என்று ஒரு பட்டியல் உண்டு, சுமார் 2000 வினைவேர்கள், பத்துக் கூட்டங்களாக. நாம் நன்னூல் வழியில் பகுதி என்று படித்தது அவர்களுக்குத் தாது. பதினோராம் நூற்றாண்டில் தமிழுக்கு இலக்கணம் செய்த வீரசோழியத்திலும் தாதுப் படலம் என்றே ஒரு பகுதி இருக்கிறது. அதை எழுதிய புத்தமித்திரர் பௌத்தர். எனக்கு இதில் ஒரு தனி ஆர்வம் உண்டு. பௌத்தருக்கு தாது என்றால் இன்னும் இரண்டு பொருள். ஒன்று, புத்தரின் திருவுடல் எச்சம். அனுராதபுரத்தில் இருக்கும் தூபிகளைத் தாதுகோபம் என்கிறோமே, அந்தத் தாது அதுதான். கண்டி தலதா மாளிகையில் வைத்து வணங்கும் புத்தரின் பல்லும் தாதுதான். இன்னொன்று தத்துவத்தில் வருவது: கண், காது முதலான ஆறு பொறி, அவற்றுக்கு எட்டும் ஆறு பொருள், அவற்றால் எழும் ஆறு அறிவு, ஆகப் பதினெட்டு தாதுக்கள். மனிதனை இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் "நான்" என்று பிடித்துக்கொள்ள எதுவும் மிஞ்சாது என்று காட்டத்தான் அந்தக் கணக்கு. வினைவேருக்கும் எலும்புத்துண்டுக்கும் உடம்பின் கூறுக்கும் ஒரே பெயர் வழங்கிய உலகத்தில் உட்கார்ந்து புத்தமித்திரர் அந்தப் படலம் எழுதியிருக்கிறார். எந்த இடத்தில் எந்தப் பொருள் என்று அவருக்குக் குழப்பம் வந்திருக்காது. கேட்கிறவர்களுக்கும் இடம் தெரிந்திருக்கும்.

தமிழில் இன்னும் இருக்கிறது. சங்கப் பாட்டில் வண்டு உண்ணும் தாது பூவின் மகரந்தம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இரும்புத் தாது. நீ பிறந்த வருஷமும் தாதுதான், 1996. 1876-இல் வந்த தாது வருஷத்தில் தொடங்கிய பஞ்சத்தின் கதைகளைக் கேட்டு வளர்ந்ததால் ஆச்சிக்கு அந்தப் பெயரே பிடிக்காது. உன் ஜாதகத்தில் அதை எழுத வேண்டாம் என்று கூடச் சொல்லிப் பார்த்தாள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். உன்னிடம் வரும் பையன் தன் உடம்பிலுள்ள தாதுவை இரும்புத் தாதுவைப் போல நினைக்கிறான். பூமிக்குள் இவ்வளவு என்று இருக்கிறது, வெட்ட வெட்டக் குறையும், ஒருநாள் தீரும். பேருந்து நிலையச் சுவர்களில் தாது புஷ்டி லேகியத்துக்கு விளம்பரம் எழுதுகிறவர்கள் இந்த நினைப்பை வைத்துத்தான் பிழைக்கிறார்கள். எங்கள் மருத்துவத்தின் பெயரைச் சொல்லிச் செய்கிறார்கள் என்பது எனக்கு ஆறாத கோபம். நாற்பது சொட்டு ரத்தம் ஒரு சொட்டு விந்து என்று ஒரு கணக்கு சொல்வார்கள். பதினாறு வயதுப் பையன் அதைக் கேட்டால் எப்படித் தூங்குவான்? எங்கள் நூல்படி பார்த்தாலும் தாது தினமும் சாப்பாட்டிலிருந்து உண்டாவது. உங்கள் படிப்பும் அதைத்தானே சொல்கிறது? விந்தணு நாள்தோறும் உண்டாகிறது, ஓர் அணு முழுதாக உருவாக இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆகும், வெளிவரும் நீரில் பெரும்பங்கு விந்துப்பையிலிருந்தும் புராஸ்டேட்டிலிருந்தும் வருவது. ரத்தத்தைச் சொட்டுக் கணக்கில் எடுத்துச் செய்வது எதுவும் அங்கே நடக்கவில்லை.

நான் செய்வது இதுதான். முதலில், எந்தத் தாது என்று கேட்பேன். நம் பக்கம் நாடி பிடிப்பதையே தாது பார்ப்பது என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் "தாது சரியில்லை" என்றால் நாடித்துடிப்பைச் சொல்கிறார்கள், அது இதயத்தைப் பார்க்க வேண்டிய கேஸ். இளைஞன் என்றால், எப்போது போகிறது, எப்படித் தெரிகிறது என்று கேட்பேன். பலர் சிறுநீர் வெள்ளையாகக் கலங்கிப் போகிறது என்பார்கள். அங்கேயே ஒரு சோதனைக் குழாயில் பிடித்து வரச் சொல்வேன். கலங்கலாகத்தான் இருக்கும். அவனையே குழாயைப் பிடிக்கச் சொல்லி, அசிட்டிக் அமிலம் சில சொட்டு விடுவேன். பாஸ்பேட் உப்பாக இருந்தால் கண் முன்னாலேயே தெளிந்துவிடும். "இது விந்துவா இருந்தா இப்படிக் கரையாதுப்பா, நீ சாப்பிட்டதுல உள்ள உப்பு" என்று சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். தெளியாவிட்டால் சீழா, கிருமியா என்று ஆய்வகத்துக்கு அனுப்புவேன். அதிலும் ஒன்றும் இல்லை, ஆனாலும் அழுகிறான், சாப்பிடவில்லை, சாகலாம் போலிருக்கிறது என்கிறான் என்றால் அது என் கையில் இல்லை, உன் துறைக்காரரிடம் அனுப்பிவிடுவேன். மனச்சோர்வை லேகியம் கொடுத்துத் தள்ளிப்போடக் கூடாது.

அவன் சொல்லும் சொல்லை மட்டும் அவனிடமிருந்து பறிக்காதே. "தாது என்று எதுவும் இல்லை" என்று சொன்னால், இந்த டாக்டருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று நேராகச் சுவர் விளம்பரக்காரனிடம்தான் போவான். இருக்கிறது, தினமும் ஊறுகிறது, குறையவில்லை என்று அவன் சொல்லிலேயே சொல். உடன் படிக்கிறவர்கள் சிரித்தால் அந்தக் குழாய் விஷயத்தை அவர்களுக்கும் செய்து காட்டு.

அப்புறம் ஒன்று. இங்கே பெண்கள் வெள்ளைபடுவதால் உடம்பே உருகிப் போகிறது என்று பயப்படுகிறார்கள். கூச்சத்தில் ரொம்ப நாள் கழித்துத்தான் வருகிறார்கள். அங்கே அவர்கள் அதற்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று வார்டு நர்ஸிடம் கேட்டுச் சொல். அவர்களும் தாத் என்றே சொன்னால், ஆண்களை விடக் குறைவாக அவர்கள் ஏன் உங்களிடம் வருகிறார்கள் என்பதையும் சேர்த்து விசாரி.

அன்புடன்,
அப்பா