இரண்டு கட்டைக்கு இறங்கி வந்தவருக்கு நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று இரவு எங்கள் பட்டறைப் பிள்ளைகளின் நாடகம் நல்லபடியாக முடிந்தது. பிள்ளைகள் ஒப்பனையைக் கலைக்கவே மனசில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மேடையேறாமலே போயிருக்க வேண்டிய நாடகம் இது. என்ன நடந்தது என்று திரும்ப எழுத எனக்கு மனமில்லை, உங்களுக்குத் தெரியாததும் இல்லை. கை கொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

கேட்டவுடன் அரங்கைத் திறந்துவிட்டவர்கள், விடிய விடிய உடை தைத்த பெற்றோர், விளக்குகளைத் தாங்களே தூக்கிவந்து கட்டிக்கொடுத்த தம்பிகள், திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுத்த அக்கா, எல்லோரையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

கடைசி நேரத்தில் கீபோர்டு வாசிக்க வந்தாரே, அந்த அண்ணன்.

எங்கள் கதாநாயகனுக்கு அப்போதுதான் குரல் உடைய ஆரம்பித்திருந்தது. பாட்டை எடுத்த நாளில் ஐந்து கட்டையில் கணீரென்று பாடியவன் (கட்டை என்பது பாடும் சுருதியின் அளவு, எண் கூடக் கூடச் சுருதி உயரும்). இப்போது பல்லவியிலேயே குரல் பிசிறியது. கூட இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். வேறு பையனைப் போடலாம், இல்லையென்றால் இவன் வாயை மட்டும் அசைக்கட்டும் என்றெல்லாம் பேச்சு வந்தது. அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அண்ணன் எதுவும் சொல்லாமல் அவனைக் கூப்பிட்டுத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். கீபோர்டில் ஒவ்வொரு கட்டையாக அழுத்தி, “இது வருதா? சரி, இது?” என்று கீழிருந்து மேலாகக் கேட்டுக்கொண்டே போனார். குரல் நின்ற இடத்தில் அவரும் நின்றார். அப்புறம் சொன்னார்: “தொண்டை கெட்டுப்போகலை தம்பி, வளருது.” குரல்நாண்கள் நீண்டு தடிப்பதால் ஆண்பிள்ளைகளின் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ‘ச’விலிருந்து அடுத்த ‘ச’ வரையிலான தூரம், இறங்கிவிடும், நடுவில் கொஞ்ச காலம் பாடக்கூடிய எல்லை சுருங்கும், அவ்வளவுதான் என்று எல்லோருக்கும் கேட்கும்படி விளக்கினார். சிரித்தவர்களில் சிலருக்கும் அதே வயதுதான். சிரிப்பு அடங்கிவிட்டது.

அவன் பாட்டை இரண்டு கட்டைக்கு இறக்கினார். ஆனால் கோரஸ் பிள்ளைகளுக்கு ஐந்து கட்டைதானே சௌகரியம்? அதற்கும் அவரிடம் வழி இருந்தது. இரண்டு கட்டையின் மத்திமம், அதாவது ‘ம’ சுரம்தான், ஐந்து கட்டையின் சட்ஜம், அதாவது தொடக்கச் சுரமான ‘ச’. பையன் தன் கடைசி வரியை மத்திமத்தில் நிறுத்த, அதே சுரத்தைச் சட்ஜமாகப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். மேலே ஏறுகிற இரண்டு வரிகளைப் பாட வேண்டாம், வசனமாகப் பேசு என்றார். நேற்று அரங்கம் மூச்சுவிடாமல் கேட்டது அந்த இரண்டு வரிகளைத்தான்.

வாசித்துக் கொடுத்துவிட்டுப் போகத்தான் அவரை அழைத்திருந்தோம். இதையெல்லாம் செய்ய வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அந்த வயதில் “நீ பாடாதே” என்ற சொல்லைக் காதில் வாங்கியவர்கள் எத்தனையோ பேர் பிறகு பாடவே இல்லை. எனக்குத் தெரிந்தே பலர் இருக்கிறார்கள். பெண்பிள்ளைகளுக்கும் இந்தப் பருவத்தில் குரல் மாறுகிறது. மாற்றம் சிறியது என்பதால் யாரும் கவனிப்பதில்லை, குரலில் காற்று கலந்து வந்தால் பயிற்சி போதவில்லை என்று சொல்லிவிடுகிறோம்.

இனி எங்கள் பட்டறையில் பாத்திரம் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் தனியாகக் கேட்போம். ஒத்திகைகளுக்கு நடுவிலும் மறுபடி கேட்போம். பாட்டு குரலுக்குத் தக்கபடி மாறும். குரல் உடைந்தது என்பதற்காக எந்தப் பிள்ளையும் இங்கே பாத்திரத்தை இழக்காது. இது பெற்றோர்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

அண்ணா, அடுத்த நாடகம் தொடங்கும்போது உங்களைக் கூப்பிடுவேன். வாசிக்க நேரமில்லை என்றாலும் பரவாயில்லை, பிள்ளைகளின் குரலைக் கேட்டுச் சொல்ல ஒரு மாலையாவது வந்துவிடுங்கள்.