நகராட்சி ஆணையருக்கு: எங்கள் நாற்று நடும் பெண்ணைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சாமான்களை இணைத்து நாங்கள் செய்து காவிரிப் படித்துறையில் நிறுத்திய, நாற்று நடும் பெண்ணின் உருவம் என்ன ஆயிற்று என்று தங்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதைக் குப்பையென்று லாரியில் ஏற்றச் சொன்ன உத்தரவில் தங்கள் அலுவலக முத்திரைதான் இருக்கிறது. பழைய இரும்புக் கடையில் எஞ்சியுள்ள பாகங்களை மீட்டுத் தர வேண்டும், அதே இடத்தில் உருவத்தை மீண்டும் நிறுத்த எழுத்துமூலம் அனுமதி தர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

மேட்டூர் அணை திறக்குமுன் வாய்க்கால்களைத் தூர்வாரியபோது சேற்றோடு வந்த பொருட்களும், மக்கள் தத்தம் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தவையும் சேர்ந்து உருவானவள் அவள். பம்புசெட்டின் வளைந்த குழாய் முதுகாகவும், கதிர் அரிவாள்கள் விலா எலும்புகளாகவும், ஏர்க்கொழு பாதமாகவும், கவிழ்த்து வைத்த, நெல் அளக்கும் மரக்கால் தலையாகவும் அமைந்தன. எதன்மீதும் நாங்கள் வண்ணம் பூசவில்லை. அரிவாள் அரிவாளாகவே இருந்துகொண்டு விலா எலும்பாகவும் தெரிவதில்தான் இக்கலையின் ஈர்ப்பு இருக்கிறது. 1942இல் பிக்காசோ சைக்கிள் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்துக் காளைத் தலை செய்தபோதும், பார்ப்பவர் கண்ணுக்குச் சைக்கிளும் மறையவில்லை, காளையும் மறையவில்லை. சிலை என்றால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடும் எங்கள் ஊர்ப் பாட்டிமார், இவள் முன்னால் நின்று எது யார் வீட்டுச் சாமான் என்று வாதிட்டார்கள்.

அந்த மரக்காலைப் பற்றி மட்டும் சொல்ல அனுமதியுங்கள். அறுவடைக் களத்தில் கூலி நெல் அளந்த மரக்கால் அது. காலமான கணவரின் பெயரெழுத்து சூட்டுக்கோலால் பொறிக்கப்பட்டிருந்ததை, ஒரு மூதாட்டி யோசித்து யோசித்துத்தான் கொடுத்தார். நாங்கள் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் அதன் இரும்புப் பட்டைகள் எடைக்குப் பிரிக்கப்பட்டு, மரம் அடுப்புக்குப் போயிருந்தது. கடைக்காரர்மீது குற்றமில்லை, அவர் எடைக்கு வாங்கினார். ஆனால் அவ்வம்மையாருக்கு என்ன பதில் சொல்வது? "புதுச் சாமான் வாங்கி ஒட்டிக்கொள்ளுங்களேன்" என்றார் தங்கள் அலுவலர். தலைமுறைக் கணக்கில் அறுத்துத் தேய்ந்த அரிவாளின் வளைவை எந்தக் கடையில் வாங்குவது என்பதையும் அவரே சொல்லியிருக்கலாம்.

சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், உடைந்த பீங்கானையும் வளையல்களையும் கொண்டு அரசு நிலத்தில் அனுமதியின்றியே ஒரு தோட்டம் உருவாக்கினார். கண்டுபிடித்த அரசு அதை இடித்துத் தள்ளவில்லை. 1976இல் மக்களுக்குத் திறந்துவிட்டது, 1984இல் அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. நாங்கள் பத்மஸ்ரீ கேட்கவில்லை, ஆணையர் அவர்களே. படித்துறையில் ஓர் ஓரம்தான் கேட்கிறோம். நகரின் நுழைவாயிலில் கால் விரிசல் விட்டு நிற்கும் ஃபைபர் மயிலை எவரும் குப்பையில் சேர்க்கவில்லை. ஒப்பந்தப்புள்ளி கோரி வாங்கியவை குப்பை ஆவதில்லை போலும். அவள் நின்ற இடத்துக்கு அருகிலேயே குவிந்திருக்கும் பிளாஸ்டிக் மூட்டைகளும் அந்த லாரிக்காரர் கண்ணில் படவில்லை.

சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். குழாயும் ஏர்க்கொழுவும் சில அரிவாள்களும் இன்னும் கடையில்தான் இருக்கின்றன. நகராட்சியிலிருந்து கடிதம் வந்தால் வாங்கிய விலைக்கே திருப்பித் தருவதாகவும், இம்மாத இறுதிவரை அவற்றை வெட்டாமல் வைத்திருப்பதாகவும் கடைக்காரர் கூறியுள்ளார். தயைகூர்ந்து அக்கடிதத்தையும், படித்துறைக்கான அனுமதியையும் அதற்குள் வழங்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
உருவத்தைச் செய்த குழுவின் சார்பில்,
ஓர் ஓவிய ஆசிரியர்