நாய்க்கு ஒரு நடுகல்

அன்புள்ள சித்தப்பா,

வெயிலில் வண்டி எடுக்காதே என்று நீங்கள் போனில் சொன்னது காதில் விழாமல் இல்லை. ஆனாலும் போன ஞாயிறு விடியற்காலை ஐந்தரைக்கே பெங்களூர் அல்சூரை விட்டுக் கிளம்பிவிட்டேன். அரக்கோணத்து ஆளான உங்களுக்குத்தான் இதை முதலில் சொல்ல வேண்டும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

2019-ல் பாப்பாவைக் கஸ்தூரிபா ரோடு மியூசியத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். 1865-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம். அங்கே ஒரு கல்லில் காட்டுப்பன்றியும் நாயும் மோதிக்கொண்டு நிற்கும். சுற்றிலும் பழங்கன்னட எழுத்து. பாப்பா "நாய், நாய்" என்று அந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. ஆதகூர் கல்வெட்டு அது.

உங்கள் ஊர்ப்பக்கத்துத் தக்கோலத்தில் 949-ல் நடந்த போர் அதில் இருக்கிறது. ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன் ஒரு பக்கம், சோழன் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் மறுபக்கம். யானை மேல் இருந்தபடியே ராஜாதித்தன் உயிர்விட்டான். 'ஆனைமேல் துஞ்சின தேவர்' என்று சோழர் கல்வெட்டுகள் சொல்வது இவனைத்தான். கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன், தன் வீரன் மணலேரனிடம் "என்ன வேண்டும், கேள்" என்றானாம். அவன் கேட்டது காளி என்ற வேட்டைநாயை! (ஊர்களும் கிடைத்தன, அது வேறு.) அந்த நாய் ஒரு பன்றியோடு பொருது, இரண்டும் செத்தன. அதற்குத்தான் இந்த நடுகல். இதற்குப் பூசை செய்யாமல் பூசாரி சாப்பிட்டால் நாயின் பாவம் அவரைச் சேரும் என்றுகூட வெட்டி வைத்திருக்கிறார்கள்.

நம்ம சோழ இளவரசன் சாவு ஒரு நாயின் கதைக்கு முன்கதையாகிவிட்டது. முதலில் எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அப்புறம் யோசித்தால், காளிக்காகக் கல் நட்டதால்தானே அந்தப் போரும் அதில் ஏறியது?

சரி, அந்தக் கல் இருந்த ஊரைப் பார்த்துவிடலாம் என்றுதான் மத்தூர் தாலுக்காவுக்கு வண்டியை விட்டேன். மைசூர் எக்ஸ்பிரஸ்வேயில் 2023 ஆகஸ்டிலிருந்து பைக்கை விடுவதில்லை. அதுவும் நல்லதற்குத்தான். கனகபுரா, சாத்தனூர், ஹலகூர் என்று சின்ன ரோட்டிலேயே போனேன். உழுது போட்ட ராகி நிலம் காய்ந்து கிடக்க, போர்வெல் தண்ணீர் பாயும் மல்பெரித் தோட்டங்கள் மட்டும் பச்சையாக இருந்தன.

ஹலகூரைத் தாண்டியதும் பின்சக்கரம் பஞ்சர். ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனேன். பஞ்சர்க் கடைப் பையன் ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கித் திருப்பினான். குமிழி இரண்டு இடத்தில் வந்தது. "எரடு, அண்ணா" என்று சிரித்தான். நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் டயர் தேய்ந்ததைச் சொல்லியே காதைக் கடித்திருப்பீர்கள்.

ஆதகூரில் இறங்கி, டீக்கடைப் பெரியவரிடம் நாய்க் கல்லைப் பற்றி எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கேட்டேன். அது பெங்களூர் போய்விட்டதாக, மகள் கட்டிக்கொடுத்த ஊரைச் சொல்வதுபோல் சொன்னார். அங்கேதான் பார்த்தேன் என்றதும், "நல்லா வெச்சிருக்காங்களா?" என்று கேட்டார். வைத்திருக்கிறார்கள் என்றேன். டீக்குக் காசு வாங்கவில்லை.

ஜூனில் ஊருக்கு வருகிறேன், சித்தப்பா. தக்கோலம் ஜலநாதீஸ்வரர் கோயிலுக்கு நீங்கள் அடிக்கடி போவீர்கள் அல்லவா? இந்த முறை பைக்கில் போகலாம். வழி மட்டும் சொல்லுங்கள், சந்து பொந்தாக இருந்தாலும் சரி. டயர் மாற்றிவிட்டேன்.

உங்கள் அன்பு மகன்