கழன்ற விழித்திரைக்கு அடுத்த மாதத் திகதி கொடுக்காதீர்கள்

திருகோணமலைப் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணுக்குள் மின்னுகிறது, கறுப்புப் புள்ளிகள் மிதக்கின்றன, ஓரத்தில் நிழல் விழுகிறது என்று வெளிநோயாளர் பிரிவுக்கு வருபவரை அன்றைக்கே கண் வைத்தியர் பார்க்க வழி செய்யுங்கள். இதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

இவை, கண்ணின் பின்புறத்தில் ஒளியை உணரும் மெல்லிய படலமான விழித்திரை கழல்வதன் அறிகுறிகளாக இருக்கலாம். அது கழன்றால் நோகாது, கண் சிவக்காது. அதனால் நம் சனம் பேசாமல் இருந்துவிடுகிறது. மூதூரில் எனக்குத் தெரிந்த கடற்றொழிலாளி ஒருவர், மற்றக் கண் இருக்கிறதுதானே என்று தொழிலுக்குப் போய்க்கொண்டே இருந்தார். கண்புரையாக்கும், முற்றட்டும் என்றார்கள் வீட்டில். கண்புரை என்றால் பெரும்பாலும் கொஞ்சக் காலம் பொறுக்கலாம், அதற்கும் முற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை. விழித்திரைக்குச் சரிவராது.

கழன்ற இடத்தில் ஒளியை உணரும் கலங்களுக்குப் பின்னாலிருந்து வரும் ஒட்சிசன் எட்டாமல் போகிறது. நடுப்பார்வைப் பகுதி கழல முன்னர் சத்திரசிகிச்சை செய்தால் பார்வை பெரும்பாலும் தப்பும். கழன்ற பிறகு ஒவ்வொரு நாளும் நட்டம்தான். மாதங்கள் போனால் தழும்புச் சவ்வு வளர்ந்து விழித்திரையைச் சுருக்கி மடித்துவிடும், ஒட்டவைப்பதே கடினம்.

இன்னும் விட்டால் நடப்பதை நோயாளிக்கு யாரும் விளக்குவதில்லை. கண்ணுக்குள் அழற்சி வரலாம். சிலருக்குக் கதிராளியில், அதாவது கண்மணியைச் சுற்றியுள்ள நிறமான பகுதியில், புது இரத்தக் குழாய்கள் முளைத்து, கண் அமுக்கம் ஏறி, அதுவரை நோகாத கண் தாங்க முடியாமல் நோகும். வேறு சிலருக்கு அமுக்கம் இறங்கிக் கண் சூம்பிப்போகும். பார்வையும் இல்லாமல் நோவும் தீராமல், கண்ணையே அகற்ற நேர்ந்தவர்கள் உண்டு. ஒரு கண்ணில் கழன்றவருக்கு மற்றதிலும் கழலும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூட. அந்தக் கண்ணையும் சோதிக்க வேண்டும்; விழித்திரையில் கிழிசல் மட்டும் இருந்தால் கழல முன்னரே லேசரால் அடைக்கலாம்.

கொழும்பு தேசிய கண் வைத்தியசாலை இங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். வெருகலிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ வரும் கூலித்தொழிலாளியிடம் ஒரு துண்டைக் கொடுத்து, போய்க் காட்டுங்கள் என்றால் அவர் வீட்டுக்குத்தான் போவார். இங்கிருந்தே தொலைபேசியில் பேசி, அனுமதி உறுதியான பிறகு அம்புலன்சில் அனுப்புங்கள். கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்கள், கண்புரை எடுத்தவர்கள், கண்ணில் அடிபட்டவர்கள், சீனி வருத்தக்காரர் எல்லோருக்கும் இந்த அறிகுறிகளைக் கிளினிக்கிலேயே தமிழில் சொல்லுங்கள்.

எந்தத் திகதியிலிருந்து இது நடைமுறைக்கு வரும் என்று பொதுமக்களுக்கு அறிவியுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
நிலாவெளி