காசைத் திருப்பிப் பாருங்கள்: லண்டன் தமிழ் நகைக்கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

போன மாதம் என் பக்கத்து வீட்டு அம்மையாரோடு உங்களில் ஒருவர் கடைக்கு வந்திருந்தேன். அவர் ஆங்கிலேயர். கணவர் விட்டுச்சென்ற இரண்டு சவரன் காசுகளை (பழைய பிரிட்டிஷ் 'சாவரின்' தங்கக் காசுகள்) விற்க வேண்டிய நிலை. நம்மவர் கடை, நியாயமாக நடந்துகொள்வார்கள் என்று சொல்லி நான்தான் கூட்டிவந்தேன். கடையில் இரண்டையும் தராசில் வைத்தார்கள், பழைய 22 காரட் நகைக்குப் போடும் விலையைப் போட்டார்கள், உருக்குக் கழிவு என்று கொஞ்சம் குறைத்தார்கள். எந்த ஆண்டுக் காசு என்று யாருமே பார்க்கவில்லை. அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பெரிய தலைகுனிவாகப் போயிற்று.

நல்ல நிலையில் உள்ள சவரன் காசு அப்படியே கைமாறும் பொருள். அதை உருக்க வேண்டிய தேவையே இல்லாதபோது உருக்குக் கழிவு எதற்கு? காசின் எடை 7.98 கிராம், அதில் சுத்தத் தங்கம் 7.32 கிராம். அன்றைய டிராய் அவுன்ஸ் (சுமார் 31.1 கிராம்) தங்க விலையை 0.2354-ஆல் பெருக்கினால் தங்கத்தின் மதிப்பு வந்துவிடும். காசு தேய்ந்திருக்கிறதே என்பீர்கள். 7.938 கிராமுக்குக் கீழே தேய்ந்த காசு செல்லாது என்பதுதான் இந்தக் காசுகள் புழங்கிய காலத்துப் பிரிட்டிஷ் சட்டம். புழங்கித் தேய்ந்த காசிலும் பெரும்பாலும் போவது மிகக் கொஞ்சம்தான்.

சரி, இது தங்கத்துக்கு மட்டுமான கணக்கு. அந்த அம்மா கொண்டுவந்த காசுகளில் ஒன்று 1866-இல் சிட்னியில் அடித்தது. பின்பக்கம் மற்ற சவரன்களில் இருக்கும் குதிரைவீரனும் இல்லை, கேடயமும் இல்லை; நடுவில் 'ஆஸ்திரேலியா' என்று பொறித்திருக்கும். 1855 முதல் 1870 வரை மட்டுமே வந்த வடிவம் அது. சேகரிப்பவர்கள் தங்க மதிப்புக்கு மேலே கொடுத்து வாங்குவார்கள். 1917-ஆம் ஆண்டுக் காசை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு எண்ணுக்குச் சற்று மேலே, குதிரை நிற்கும் தரையில், எஸ் (S), எம் (M), பி (P) என்று ஏதாவது ஒரு சின்ன எழுத்து இருந்தால் அது சிட்னி, மெல்போர்ன், பெர்த் காசு, தாராளமாகக் கிடைக்கும். எழுத்தே இல்லாவிட்டால் லண்டன் காசு, மிக அரிது. அந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொல்கிறேன்.

பதக்கமாக்கக் கொக்கி பற்றவைத்த காசுக்கும், தேய்த்து மெருகு போட்ட காசுக்கும் தங்க விலை மட்டும் கொடுங்கள், அது நியாயம். அப்புறம், விற்கும்போது சாதாரண 1912 காசை 'அபூர்வம்' என்று சொல்லிக் கூடுதலாக வாங்காதீர்கள்.

நான் கேட்பது ஒரு துண்டுச் சீட்டு. எடை, அன்றைய தங்க விலை, நீங்கள் பிடிக்கும் தொகை, காசின் ஆண்டு, எங்கே அடித்தது என்பதை எழுதிக் கொடுங்கள். 'சவரன்' என்ற சொல்லே இந்தக் காசிலிருந்துதான் நமக்கு வந்தது. அதை நம் கடையில் சரியாக மதிப்பிடவில்லை என்றால் எனக்கு வலிக்கிறது.

அந்த அம்மா இன்னும் காசுகளை விற்கவில்லை. அடுத்த வாரம் அவரோடு மறுபடி வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்