கடன் வாங்கிக் கழித்தல்

கோவில்பட்டி

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுதலாம் என்று உட்காரும்போதெல்லாம் பாடம் கேட்க வாசலில் ஒரு பொடியன் பையோடு வந்து நின்றுவிடுகிறான். மூட்டு வலிக்கு எண்ணெய் தேய்க்கிறாயா, இல்லை மருமகள் வாங்கி வைத்த பாட்டிலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாயா?

"ரிட்டையர் ஆன பிறகும் உனக்கு எதுக்குடி இந்த வேலை" என்று கேட்டிருந்தாய். நானாகத் தொடங்கியதில்லை. 2021 கடைசியில், கொரோனாவில் விட்டுப்போன பாடத்தைப் பிள்ளைகளுக்குத் தெருவிலேயே சொல்லித்தர அரசாங்கத்தின் இல்லம் தேடிக் கல்வி வந்ததே, அப்போது எங்கள் தெருவில் டிகிரி முடித்த ஒரு பெண் தன்னார்வலராகச் சேர்ந்தாள். மாதம் 1,000 ரூபாய், இருபது பிள்ளைகள், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். வீட்டில் இடமில்லை என்று என் திண்ணையைக் கேட்டாள், கொடுத்தேன். அப்புறம் கல்யாணமாகித் தென்காசிப் பக்கம் போய்விட்டாள். பிள்ளைகள் மட்டும் மறுநாளும் அஞ்சரைக்கு வந்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ டீச்சர். நான் ஆபீசில் லெட்ஜர் எழுதிய கை. கணக்காவது சொல்லித்தரலாம் என்று நினைத்தேன், அதிலேயே மாட்டிக்கொண்டேன். நாலாம் வகுப்புப் பையன் ஒருவன், 52-இல் 27-ஐக் கழிக்க வேண்டும். நமக்குச் சொன்ன மாதிரியே நானும் "2-இல் 7 போகாது, பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்றேன். வாங்கினான். விடையும் சரி. ஆனால் பென்சிலைக் கீழே வைக்காமல், "வாங்குன கடன எப்ப ஆச்சி திருப்பிக் கொடுக்கணும்?" என்றான். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அவன் அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போகிறவள். வாரா வாரம் குழுக்கடன் கட்டுகிற வீடு. கடன் வாங்கிவிட்டுச் சும்மா இருக்கிற பக்கத்து வீட்டை அவன் எங்கே பார்த்திருப்பான்?

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. மறுநாள் அவன் அம்மாவிடமே சொல்லி மருந்து முக்காத கழிவுக் குச்சி ஒரு பை வாங்கினேன். பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினோம். ஐந்து கட்டு, இரண்டு உதிரி. "ஏழு குச்சி எடுத்துக் கொடு" என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கட்டைப் பிரித்தான். "கடனே இல்ல ஆச்சி, நம்ம கட்டத்தான பிரிச்சோம்" என்றான். அதிலிருந்து இந்தத் திண்ணையில் கடன் என்ற பேச்சே கிடையாது. ஆனால் 500-இல் 263 என்றதும் மறுபடி விழித்தான். நடுவில் கட்டே இல்லையே, எதைப் பிரிப்பது என்கிறான். அங்கேதான் இப்போது நிற்கிறோம்.

எனக்கு ஒரு கோபம் உண்டு. வீட்டுப்பாடம் என்பது, வீட்டில் படித்த ஆள் ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு கொடுப்பது. இந்தப் பிள்ளைகளின் அம்மாமார் ஏழு மணிக்கு வந்து அடுப்புப் பற்றவைக்கிறார்கள். ஒரே அறை, அதிலேதான் டிவி. டியூஷனுக்குக் கொடுக்கக் காசில்லை. நோட்டில் "பெற்றோர் கவனிக்கவும்" என்று சிவப்பு மையில் எழுதி அனுப்பினால் அந்தத் தாய் எதைக் கவனிப்பாள்?

பேரன் ஒரு ஆய்வைப் படித்துச் சொன்னான். கார்த்திக் முரளிதரனும் கூட இருந்தவர்களும் நம் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்களாம். கொரோனாவில் பள்ளி மூடிக்கிடந்த 18 மாதத்தில் பின்தங்கியதில் மூன்றில் இரண்டு பங்கை, திறந்த ஆறு மாதத்திலேயே ஈடுகட்டிவிட்டார்களாம். அதில் ஏறக்குறைய கால் பங்கு இந்தச் சாயங்கால வகுப்புகளால் வந்தது என்று கணக்கு. மீதிக்குப் பள்ளிக்கூடம் திறந்ததே பெரிது என்று நீ சொல்வாய், உன் கட்சி அது. எனக்கு அந்தக் கால் பங்கு போதும்.

இன்னொன்று, பசி. 1956-இல் காமராசர் மதிய உணவைத் தொடங்கியது நம் எட்டயபுரத்தில்தான். 2022-இலிருந்து காலை உணவும் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குத்தான் ஒன்றுமில்லை. அஞ்சரைக்கு வரும் பிள்ளைக்கு மதியம் தின்றது எப்போதோ செரித்திருக்கும். முதல் வாரம் "ஏன் இப்படித் தூங்கி விழுகிறார்கள்" என்று அலுத்துக்கொண்டேன். இப்போது சுண்டல் போடுகிறேன். தூக்கம் பாதி குறைந்துவிட்டது. கடலைப் பருப்பு விற்கிற விலையில் என் பென்ஷன்தான் தூங்கி விழுகிறது.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி இடுப்பில் தம்பியைத் தூக்கிக்கொண்டு வருவாள். அவனுக்கும் ஒரு சிலேட்டு கொடுத்துவிட்டேன், தின்னாமல் இருந்தால் சரி. அவளைப் பற்றித்தான் உன்னிடம் கேட்க வேண்டும். தமிழ்ப் பாடத்தை மளமளவென்று வாசிக்கிறாள். விரல் பார்த்தால் வேறு வரியில் நிற்கிறது. மொத்தமும் மனப்பாடம்! எழுத்துக் கூட்டத் தெரியாது என்பதை இத்தனை வருஷம் எப்படி மறைத்தாளோ. ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டினால் கூச்சப்படுகிறாள். முப்பது வருஷம் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் நீ, இவளை எங்கிருந்து தொடங்க?

மே மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது உன் பேத்தி படித்துத் தள்ளிய கதைப் புத்தகங்கள் இருந்தால் எடுத்து வா. பெரிய எழுத்தாக இருக்க வேண்டும், ஆனால் குழந்தைப் பிள்ளைக் கதையாக இருக்கக் கூடாது, அவளுக்குப் பதினொரு வயது. அதற்கு முன்னால் அந்த 500-க்கு ஒரு வழி எழுதிப் போடு.

உன்,
பழைய பெஞ்சுக்காரி