கூழ் குடிக்கத் துணிச்சல் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு இதழின் சுற்றுலாப் பக்கத்தில், விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வருவோர் சுவைத்துப் பார்க்கக்கூடிய 'விசித்திர உணவுகள்' வரிசையில், பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழையும் சேர்த்து, "சேற்று நிறத்தில் இருக்கும், துணிச்சல் உள்ளவர்கள் மட்டும் குடிக்கலாம்" என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு வயது 72. நினைவு தெரிந்த நாள் முதல் கூழ் குடித்து வருகிறேன். இத்தனை காலமும் வீரச்செயல் புரிந்து வந்திருக்கிறேன் என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகவே அறிந்துகொண்டேன்; நன்றி. நீலப் பூஞ்சணம் பிடித்த வெளிநாட்டுப் பாற்கட்டியைப் பற்றி இதே பக்கத்தில் எழுதியபோது யாருடைய துணிச்சலும் தேவைப்படவில்லை என்பதையும் கவனித்தேன்.

நிறத்தையாவது மன்னிக்கலாம். படத்தின் கீழே "புழுக்கொடியல் மாவில் காய்ச்சப்படுவது" என்று போட்டிருந்ததை எப்படி மன்னிப்பது? ஆவணி, புரட்டாதியில் பனம்விதை பாத்தி போட்டு, தை, மாசியில் கிண்டியெடுக்கும் கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல், அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல் என்பது தாங்கள் அறியாததல்ல. கூழுக்கு உரியது ஒடியல் மா. அதைத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்துக் கசப்பை அகற்றிய பிறகே, மீனும் நண்டும் இறாலும் பலாக்கொட்டையும் பயிற்றங்காயும் மரவள்ளியும் வெந்து கொதிக்கும் பானையில், அரைத்த செத்தல் மிளகாயோடும் பழப்புளியோடும் கரைத்து விடுவார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் சமையற்பகுதியில், ஒடியல் மா கிடைக்காவிட்டால் சோள மா போடலாம் என்று ஓர் ஆலோசனை வந்தது. அதற்கும் கடிதம் எழுதினேன். அது இன்றுவரை அச்சேறவில்லை.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்ததிலிருந்து விடுமுறைப் பயணிகள் பெருகியிருக்கிறார்கள், மகிழ்ச்சியே. ஆனால் அவர்களுக்கென்று சமைக்கப்படுவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கடந்த ஆவணியில் ரொறன்ரோவிலிருந்து வந்த என் தங்கையின் குடும்பம் ஆசைப்பட்டதால், நகரத்து விடுதியொன்றுக்குப் போனோம். பீங்கான் கிண்ணத்தில், கொத்தமல்லித் தழை மிதக்க, கோதுமை மா மணக்கும் ஏதோ ஒன்று வந்தது. தங்கையின் பேரன் ஒரு கரண்டியோடு கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டான். மறுநாள் பாசையூர்ச் சந்தையில் நண்டும் திருக்கையும் வாங்கி வந்து, பின்வளவில் கல் வைத்து அடுப்பு மூட்டி நானே காய்ச்சினேன். பனையோலையைக் குவளைபோல் மடித்துப் பிளா கோலிக் கொடுத்ததும், உறைப்பில் மூக்கு ஒழுக ஒழுக, தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு மூன்று பிளா குடித்த அதே பையன் நான்காவதுக்கும் கை நீட்டினான். அவனிடம் யாரும் துணிச்சலைப் பற்றிப் பேசவில்லை.

தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சீனி இல்லாத தேநீருக்குப் பனங்கட்டித் துண்டும், கோதுமை மா இல்லாத வீட்டுக்கு ஒடியற்பிட்டும் துணை நின்றன. அந்நாளில் இவற்றை விசித்திரம் என்று எழுத இந்தப் பக்கம் யாரும் வரவில்லை. இன்று இரண்டு நாள் விடுமுறையில் வந்து போகும் நிருபர், ஒரு வாய் குடித்துவிட்டு எங்களுக்குச் சான்றிதழ் வழங்குகிறார்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இதழில் புழுக்கொடியலை ஒடியல் என்று திருத்தி ஒரு வரி போடுங்கள். நண்டு, இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கூழ் குடிக்குமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தால் பயணிகளுக்கு உதவியாக இருக்கும். நிறத்தைவிட அதுவே அவர்களுக்கு முக்கியம். படத்தில் கூழுக்குள் நட்டு வைத்திருந்த வெள்ளிக் கரண்டியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
நல்லூர்.